தக்காளி, ஊமத்தை: ஓர் ஒப்பீடு

தக்காளிப் பூவை யாரும் நின்று பார்ப்பதில்லை, டீச்சர். எங்கள் பண்ணைக்கு நாற்று வாங்க வருகிறவர்கள்கூட இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், தண்டை அழுத்திப் பார்ப்பார்கள், பூவின் பக்கம் கண் போகாது. மஞ்சளாக, சின்னதாக, திட்டு வாங்கின பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கும். நீங்கள் அந்த ஒப்பீட்டை எழுதச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

இந்த நேரத்தில் செய்தி அனுப்புவதற்கு மன்னித்துவிடுங்கள். தூங்கிக்கொண்டிருப்பீர்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. மைனாவைச் சேர்த்திருக்கிறோம். உங்களுடைய பத்தாம் வகுப்பில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஓயாமல் பேசுவாளே, அவள்தான். அந்தப் பெயரே நீங்கள் வைத்ததுதான், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. என் சித்தியின் மகள்.

சாயங்காலத்திலிருந்து அவளுக்கு நினைவு சரியில்லை. உடம்பு கொதிக்கிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. முகம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. கண்ணில் கருமணி விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிகிறது. டாக்டர் அடிக்கடி வெளியே வந்து எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

"என்ன சாப்பிட்டா? எதையாவது குடிச்சாளா? யோசிச்சுச் சொல்லுங்க. என்னன்னு தெரிஞ்சா மாத்து மருந்து இருக்கு. தெரியாம குடுத்தா வேற வினையாயிடும்."

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் எழுதப் போகிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி, முதலில் இருந்து, முறையாக.

கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அசைந்தால் டக் என்று சத்தம் வரும். அம்மாவை இங்கே சேர்த்திருந்தபோதும் இதே பெஞ்சுதான், இதே சத்தம்தான். இவ்வளவு நாளாக யாரும் சரி செய்யவில்லை.

நீங்கள் வகுப்பில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "இலையைப் பாத்து ஏமாறாதீங்கடி. இலை வெயில்ல ஒரு மாதிரி இருக்கும், நிழல்ல ஒரு மாதிரி இருக்கும். பழம் அதுக்கும் மேல, யாரு தின்ன வர்றாங்களோ அவங்களுக்கு ஏத்த வேஷம் போடும். பூவைப் பிரிங்க. யாரு யாருக்குச் சொந்தம்னு காட்டிக் குடுக்கறது பூதான்."

பிறகு ஆளுக்கு இரண்டு செடி தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். எல்லோரும் ரோஜாவும் ஆப்பிளும் என்று போனார்கள். நான் தக்காளியும் ஊமத்தையும் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஒண்ணு சமையலுக்கு, இன்னொண்ணு சாவுக்கா?" என்றாள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்போது அது வெறும் சிரிப்புதான், நீங்கள் நம்பலாம்.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஊமத்தைப் பூ வெள்ளைக் குழல் மாதிரி நீண்டு, இருட்டும் நேரத்தில்தான் விரியும், நிமிர்ந்து நிற்கும். காய் முழுக்க முள். தக்காளி அப்படியே எதிர்ப்பக்கம். ஆனால் பூவைப் பிரித்தால் புல்லி இதழ் ஐந்து, அடியில் ஒட்டியிருக்கும். அல்லி இதழ் ஐந்து, அதுவும் ஒட்டியிருக்கும். மகரந்தத் தாள் ஐந்து. இரண்டிலும் ஒரே கணக்கு. எனக்கு அது போதவில்லை. பிளேடால் நடுவில் வெட்டினேன். உள்ளே சூலகம் இருந்தது. இரண்டு பூவிலும் அது நேராக உட்காரவில்லை, லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அதை எழுதிக் கொடுத்தபோது, "இது எங்கே படிச்சே?" என்று கேட்டீர்கள்.

"படிக்கலை டீச்சர். வெட்டிப் பாத்தேன்."

"சரியாத்தான் பாத்திருக்கே. அந்தக் குடும்பத்துக்கே அந்தச் சாய்வு உண்டு. கத்தரி, மிளகாய், உருளை, புகையிலை, எல்லாத்துக்கும்."

குடும்பம் முழுவதற்கும் ஒரு சாய்வு, வெளியே தெரியாது, வெட்டினால்தான் தெரியும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பண்ணையில் முக்கிய வேலை ஒட்டுக் கட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். தக்காளியின் வேர் நோஞ்சான், தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதனால் சுண்டைச் செடியின் தலையை வெட்டிவிட்டு, அதன் மேல் தக்காளித் தளிரைச் சாய்வாக வைத்து ஒரு கிளிப் போடுவோம். கீழே சுண்டையின் வேர், மேலே தக்காளி. சொந்தம் என்பதால் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலைக்கு ஓர் அக்கா வருவார். எப்போதும் வாயில் நாலு கிளிப் கடித்துக்கொண்டே பேசுவதால் நாங்கள் கிளிப் அக்கா என்போம்.

அம்மா இறந்து, அப்பா சித்தியை அழைத்து வந்த புதிதில், மைனாவும் நானும் நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதைக் கிளிப் அக்கா பார்த்தார்.

"என்னங்க முதலாளி, ரெண்டும் ஒரே தட்டுல முளைச்ச நாத்து மாதிரி இருக்குதுங்க. நடையைப் பாருங்க, ரெண்டும் வாத்து நடை."

அப்பா எப்போதும் கிளிப் அக்காவின் பேச்சுக்கு முதல் ஆளாகச் சிரிப்பார். அன்று கையிலிருந்த தட்டை மேசையில் ஓங்கி வைத்தார். "வந்த வேலையப் பாரு."

கிளிப் அக்கா வாயிலிருந்த கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். நான் அதைப் பார்த்தேன், அவ்வளவுதான். அப்போது எனக்கு உங்கள் பாடம் வந்திருக்கவில்லை.

மைனாவை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். "அக்கா தூங்கிட்டியா?" என்பாள். "ஆமா" என்றால், "சரி, அப்ப கேளு" என்று தொடங்குவாள். தக்காளியைப் பச்சையாகக் கடித்துத் தின்பாள், உப்பு தொட்டுக்கொண்டு. விற்பனைச் செடியில் கை வைக்கக் கூடாது என்று அப்பா சொன்னதால், வீட்டைச் சுற்றியிருக்கும் தொட்டிகளில் எது பழுத்தாலும் அவள் வாய்க்குத்தான். "அணில்கூட நமக்கு மிச்சம் வைக்கும்" என்பார் சித்தி.

ஒட்டுக் கட்டுவதிலும் அவளுக்குக் கை உண்டு. நான் கட்டுவதில் சிலது வாடிவிடும். அவள் கட்டியது வாடி நான் பார்த்ததில்லை. ஒருநாள் அப்பா அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்படியே என் கை" என்றார். சொன்ன பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மோட்டாரை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கவே இல்லை.

முன்பெல்லாம் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவார். இப்போது பெரியவளே என்கிறார். இரண்டு பேர் இருந்தால் ஒருத்தி பெரியவளாகத்தானே இருக்க வேண்டும், அதில் தப்பில்லை.

உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தட்டைத்தான் அவள் தள்ளிவிட்டிருக்கிறாள். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மைனா எப்போதும் சாக்ஸ் போட்டிருப்பாள். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். குளிர் என்பாள். ஒருநாள் தொட்டி கழுவும்போது குழாய் பிடுங்கிக்கொண்டு இரண்டு பேரும் நனைந்துவிட்டோம்.

"சாக்ஸைக் கழட்டுடி, ஊறிப் போச்சு."

"வேணாம்க்கா."

"ஏன், உள்ளே பாம்பு கீம்பு வளக்கறியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றினாள். இடது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் நகம் வரைக்கும் ஒட்டியிருந்தன.

எனக்கும் அப்படித்தான், டீச்சர். அப்பாவுக்கும் அப்படித்தான். அதே கால், அதே விரல்கள்.

"அம்மா யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொல்லுச்சு," என்றாள். "ஆனா உனக்குத் தெரிஞ்சுதானே இருக்கும்? நீ ஒண்ணும் கேக்கலையேன்னு நானும் விட்டுட்டேன்." தன் காலை என் கால் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தாள். "பாரு. நாம மூணு பேரும் வாத்துக் கூட்டம்க்கா."

"எனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

அவள் முகம் மாறியது. கையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மைனாவால் வாயை ரொம்ப நேரம் மூடி வைக்க முடியாது.

"அப்பா சொல்லிட்டாருன்னு நினைச்சேன். கோச்சுக்காதக்கா. சின்ன வயசுல அவர் எங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் உன்னைப் பத்தித்தான் பேசுவாரு. உனக்கு ஊஞ்சல்னா பயமாமே? நான் தினம் கேப்பேன், அக்காவை எப்ப கூட்டிட்டு வருவீங்கன்னு."

"எப்பல்லாம் வருவாரு?"

"விதை வாங்க வர்றப்ப."

அப்பா விதை வாங்க வெளியூர் போவார். ராத்திரி தங்கித்தான் வருவார். அம்மா இந்த ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனார். நான் இதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கதவைப் பார்ப்பார். "விதை வாங்கப் போயிருக்காருடி, வந்துடுவாரு" என்று எனக்கு ஆறுதல் சொல்வார். நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன், இருந்தாலும் சொல்வார். அம்மாவின் கடைசி நாளிலும் அப்பா விதைதான் வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கணக்குக்கு விடை வந்துவிட்டால் வருமே ஒரு நிம்மதி, அதுதான் வந்தது. மைனாவின் காலைத் துண்டால் துடைத்துவிட்டேன். "யார்கிட்டயும் சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நீ ரொம்ப நல்ல அக்கா" என்றாள். அதை அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் அறிவியல் கண்காட்சிக்கு, சொந்தத்தை நிரூபிக்கிற மாதிரி ஏதாவது செய்துகொண்டு வரச் சொன்னீர்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உறவு இருந்தால் ஒட்டும் என்பதுதானே எங்கள் தொழிலே. ஊமத்தை மேல் தக்காளியைக் கட்டினேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, குப்பைமேட்டுப் பக்கம் கொழுத்து நின்ற ஊமத்தையைக் காட்டி, இதில் கட்டினால் என்ன என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "ஒட்டும் கண்ணு. ஆனா கட்டக் கூடாது. வேர்ல இருக்கறது மேல ஏறும். பழத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். கேட்டது ஒரு தடவைதான். மறக்கிற பேச்சு இல்லை.

கண்காட்சியில் நீங்கள் என் தொட்டியைத்தான் எல்லோருக்கும் காட்டினீர்கள். மேலே மஞ்சள் பூ, அடித்தண்டில் ஊமத்தையின் பெரிய இலை இரண்டு விட்டு வைத்திருந்தேன், பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று. போகும்போது என் தோளில் தட்டி, "பூவோட நிறுத்திக்கோம்மா. காய் வந்தா கிள்ளிப் போட்டுடு, வீட்ல யாராவது தெரியாம தின்னுடப் போறாங்க" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிள்ளினேன், டீச்சர். அடித்தண்டில் இருந்த ஊமத்தை இலைகளை. அதற்குப் பிறகும் கீழே துளிர் வரும்போதெல்லாம் கிள்ளினேன். ஒட்டுச் செடியில் அதுதான் முறை, வேர்ச்செடியைத் தழைய விட்டால் மேல்செடி மெலிந்துவிடும். கிளிப் அக்காவைக் கேட்டாலும் இதையே சொல்வார். இலை போன பிறகு அது வெறும் தக்காளிச் செடிதான். அப்பாவே ஒருநாள் அதன் பக்கத்தில் நின்று, "இது நல்லா வந்திருக்கே, எந்தத் தட்டுல எடுத்தே?" என்று கேட்டார். "மிச்சம் இருந்ததுப்பா" என்றேன்.

நர்ஸ் அக்கா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். "கண்ணைக் கொஞ்சம் மூடி இரும்மா. எவ்வளவு நேரமா ஃபோனையே நோண்டிட்டிருக்கே" என்றார். நல்ல மாதிரி. எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே பார்த்தால் அப்படித் தெரியாது.

முதல் பழங்களைச் சமையலறைக் கூடையில் மற்ற தக்காளிகளோடு போட்டேன். சித்தி உடம்பு குறைக்க வேண்டும் என்று மதியம் பச்சைக் காய்கறிதான் சாப்பிடுவார். பழம் ஒன்றும் வேறு மாதிரி இல்லை, நல்ல சிவப்பு. அன்று மாலை அவருக்கு நாக்கு வறண்டுகொண்டே இருந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். மறுநாள் விதைப் பாக்கெட்டை எடுத்துத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், எழுத்தெல்லாம் கலங்குகிறது என்றார்.

"வயசாயிடுச்சுடி," என்றார் சித்தி.

"அப்ப இத்தனை நாள் கண்ணு தெரியாமத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தோம். கண்ணாடிக் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார்கள். சில நாளில் கண் பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. போட்டால் டீச்சர் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இப்போதும் போட்டுக்கொண்டுதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அழும்போது மட்டும் நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்.

அன்றே செடியைப் பிடுங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். பழங்களைப் பறித்துக் குப்பையில் போட்டேன், செடியை மட்டும் விட்டு வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனது கொஞ்சம் அடங்கும். நன்றாக வளர்ந்த செடியைப் பிடுங்குவது பண்ணைக்காரப் பிள்ளைக்கு வராது.

போன வாரம் அப்பா ஒட்டுக்கத்தி ஒன்றை மைனாவிடம் கொடுத்தார். எலும்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. அம்மாவினுடையது. கட்டை விரல் வைத்து வைத்துப் பிடியில் ஒரு பக்கம் குழிந்திருக்கும். அம்மா போன பிறகு அது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, அப்பா பீரோவில் வைத்திருந்திருக்கிறார்.

"சும்மா துருப்பிடிக்குது. இவ கை நல்லா எடுபடுது, இவளாவது வச்சுக்கட்டும்," என்றார். "என்ன பெரியவளே?"

"ஆமாப்பா" என்றேன்.

மைனாதான் சங்கடப்பட்டாள். ராத்திரி கத்தியை என் தலையணைக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தாள். "இது உன்னோடதுக்கா. அப்பாவுக்குப் புரியலை." நான் அதைத் திரும்பவும் அவள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். அவள் கட்டை விரல் அந்தக் குழியில் சரியாகப் பொருந்தியது.

அதற்குப் பிறகு நான் பழங்களைப் பறித்துப் போடவில்லை.

நேற்று தொட்டியை இடம் மாற்றினேன். பின்பக்கம் வெயில் போதவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூடம் விட்டு மைனா சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நல்ல வெயில். ஜன்னல் கட்டையின் மறு கோடியில் உப்புக் கிண்ணம் இருந்தது, அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. யார் வாயிலும் எதையும் ஊட்டவில்லை. இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பறித்தாள், அவள் தின்றாள். நான் உள்ளே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அக்கா, இந்தச் செடி சூப்பரா இருக்கு, உனக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம், நீயே சாப்பிடு" என்றேன்.

எல்லாவற்றையும் தின்றுவிடுவாள் என்று எனக்குத் தெரியாது. இல்லை, அது சரியில்லை. நீங்கள் எப்போதும் சொல்வீர்கள், பார்த்ததை மட்டும் எழுது என்று. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செடியில் சிவப்பு ஒன்றும் மிச்சமில்லை.

இங்கே வந்ததும் டாக்டர் முதலில் பூச்சிமருந்தா என்றுதான் கேட்டார், பண்ணைக்காரர்கள் என்பதால். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"முந்தாநாள் மருந்து அடிச்சேன் டாக்டர். டப்பா மூடியைச் சரியா மூடலை. கையை கிய்யை வச்சுட்டாளோ என்னமோ. என் தப்புதான். எல்லாம் என் தப்புதான்."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அந்த மருந்துன்னா கண்மணி சுருங்கணும், வேர்த்துக் கொட்டணும். இங்க எல்லாமே தலைகீழா இருக்கு. இது வேற ஏதோ. அதுக்கான ஊசியைப் போட்டா இன்னும் மோசமாயிடும்." ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பியிருக்கிறார்கள், காலையில்தான் தெரியுமாம். அது வரைக்கும் குளிர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருதயம் தாங்க வேண்டும் என்று நர்ஸ் அக்கா இன்னொருவரிடம் சொன்னதைக் கேட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஒரே சொல்தானே. ஆனால் அப்பா தன் தப்பு என்று சொல்வதை என் வாழ்நாளில் இன்றுதான் கேட்டேன். என் தப்பு, என் தப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதை நடுவில் நிறுத்த எனக்கு மனது வரவில்லை. கொஞ்சம் சொல்லட்டும், முடித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. அந்தக் கதவை விட்டு அவர் ஒரு நிமிஷம்கூட நகரவில்லை, டீச்சர். தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. இப்படியெல்லாம் அவருக்கு நிற்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

எனக்குப் பயம் மைனாவைப் பற்றி இல்லை, அவளை டாக்டர் பார்த்துக்கொள்வார். தெரிந்த பிறகு அப்பா என்னை எப்படிப் பார்ப்பார் என்பதுதான். பெரியவளே என்றுகூடக் கூப்பிட மாட்டார்.

சற்று முன்பு என்னை அவள் பக்கத்தில் உட்கார விட்டார்கள், தெரிந்த குரல் கேட்டால் அடங்குவாள் என்று. அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. சித்தியைப் பார்த்து யார் என்று கேட்கிறாள். ஆனால் கை மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. காற்றில் எதையோ தேடித் தேடிப் பறிக்கிறாள், போர்வையில் துடைக்கிறாள். நான் உட்கார்ந்ததும் அந்தக் கறுப்புக் கண்ணால் என்னை உற்றுப் பார்த்தாள். காற்றில் ஒன்றைப் பறித்துப் பக்கத்தில் எதிலோ தொட்டு என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"இந்தாக்கா. உனக்குன்னு வச்சிருக்கேன்."

அவள் கையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்து மறுபடியும் இந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். நர்ஸ் அக்கா என் பக்கத்தில் குனிந்து, "நல்லா யோசிச்சுப் பாரும்மா. நீதான் அவகூடவே இருக்கறவ. செடி, காய், விதை, ஏதாவது?" என்று கேட்டார்.

"தெரியலைக்கா" என்றேன்.

அவரிடம் அரைகுறையாக எப்படிச் சொல்வது? முன்னும் பின்னும் தெரியாமல் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவார். உங்களிடம் சொன்னால்தான் எல்லாம் ஒழுங்காகப் புரியும். அதனால்தான் எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன். பிழை இருக்கிறதா என்று இன்னொரு தடவை படித்துவிட்டு அனுப்புகிறேன். அனுப்பிவிட்டால் நான் சொல்லிவிட்டேன் என்றுதானே அர்த்தம். உங்கள் ஃபோன் ராத்திரியில் அணைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், டீச்சர். அவசரம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்த பிறகு நிதானமாகப் படித்தால் போதும்.